எங்கே கூடுவது?

ஒரு கூட்டத்திற்கு இடமும் நேரமும் குறிப்பது மிகச் சிறிய வேலை என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பேசப்படும் பொருளே பெரிது, நாற்காலியையும் கடிகாரத்தையும் யாராவது கவனித்துக்கொள்வார்கள் என்பது படித்தவர்களிடையே நிலவும் பொதுவான எண்ணம். கடந்த சில ஆண்டுகளாக ஒரு சிறு கூட்டத்திற்கு இடமும் நேரமும் தேடி அலைந்த அனுபவம் இந்த எண்ணத்தை எம்மிடமிருந்து அடியோடு அகற்றிவிட்டது. அந்த அனுபவத்தில் எமக்குப் பெருமை தருவது சிறிது; வெட்கம் தருவது அதிகம். எனினும், கற்பிக்கும் தொழிலில் உள்ளவர்களும் கற்கும் பருவத்தில் உள்ளவர்களும் வாசிக்கும் இப்பக்கங்களில் அதனை எழுதிவைப்பது பயனுடைத்து என நினைக்கின்றோம்.

நாம் தொழிலால் தமிழாசிரியர். வலிகாமத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகின்றோம். இலக்கணமும் இலக்கியமும் கற்ற ஒருவருக்குக் கணினிக் கூட்டத்தில் என்ன வேலை என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. எம்மை அங்கே இழுத்துச் சென்றது ஒரு தவணைப் பரீட்சை வினாத்தாள். இரவிரவாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த அவ்வினாத்தாளை மறுநாள் அச்சுக்கடையில் திறந்தபோது, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தற்குறிகளும் குப்பையாகக் கிடந்தன. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த ஒன்று. அதை நிறுவாத கணினிக்கு அது வெறும் ஆங்கிலமே. ஆனால் தமிழுக்கெனத் தனி இடம் யூனிகோட் முறையில் 1991 ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. தமிழுக்கான தரமும் ரெங்கநாதன் விசைப்பலகையும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தால் 2008 இல் 1326 ஆம் இலக்கத் தரமாக வெளியிடப்பட்டுவிட்டன. இவை எவற்றையும் அறியாமலே நாம் தமிழ்ப் பட்டதாரியாகி, ஆசிரியராகி, வினாத்தாளும் தயாரித்துக்கொண்டிருந்தோம்!

எம்மைப் போன்றவர் பலர் இருந்தனர். வண்ணார்பண்ணையில் பிறந்த இ. மயூரநாதன் அவர்களின் முன்முயற்சியால் 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத விரும்பியும் வழி தெரியாத மாணவர் இருந்தனர். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் எண்ணிம நூல்களை வாசிக்க மட்டும் அறிந்த ஆசிரியர் இருந்தனர். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பழைய கணினியை மூலையில் மூடிவைத்திருந்த குடும்பங்கள் இருந்தன. எனவே 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எட்டுப் பேர் ஒன்றுகூடினோம். ஆசிரியர் இருவர், தொழில்நுட்பக் கல்லூரி மாணவி ஒருவர், அச்சுக்கூடத் தொழிலாளி ஒருவர், கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், நூலகர் ஒருவர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் இருவர். சங்கத்திற்குப் பெயரில்லை, தலைவரில்லை, சந்தாவில்லை. தமிழில் தட்டச்சுப் பழகுவது, பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றுவது, பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவி உயிர்ப்பிப்பது, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பது ஆகிய இவையே நோக்கம். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தபோது, புதிய விண்டோஸை ஏற்காத கணினிகளை என்ன செய்வது என்று கேட்டு எம்மிடம் வந்தவர் தொகை பெருகியது.

இணையக் கணினி வேலைக்கு இணையவழியிலேயே கூடினால் என்ன என்று சிலர் கேட்டனர். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னரான காலத்தை ஆசிரியர் எவரும் மறந்திருக்க முடியாது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தந்தை வேலைக்குக் கொண்டுசென்ற பின் இல்லை. வகுப்பில் நாற்பது முகங்களைக் கண்ட நாம் திரையில் பன்னிரண்டு பெயர்களைக் கண்டோம். மேலும், விசைப்பலகை விரலால் கற்கப்படுவது. பக்கத்தில் ஒருவர் இருந்து, "அது அல்ல, இது" என்று காட்டும்போது ஒரு நிமிடத்தில் விளங்குவது, தனியே இருந்து பார்த்தால் ஒரு வாரத்திலும் விளங்குவதில்லை. ஆகவே நேரில் கூடுவதென்றே முடிவாயிற்று.

அப்படியானால் எப்போது கூடுவது?

யாழ்ப்பாணத்து வாரத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தோம். கிழமை நாட்களில் பாடசாலை பகல் ஒன்றரைக்கு விடும். மாணவர் அங்கிருந்து நேரே ரியூசனுக்குச் செல்வர். வீடு திரும்ப இருட்டிவிடும். வெள்ளி மாலை கோவில். சனிக்கிழமை விடிகாலையிலிருந்து மீண்டும் ரியூசன். ஞாயிறு காலை கிறித்தவ நண்பர்களுக்குத் தேவாலயம். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். இத்தனையையும் நீக்கினால் எஞ்சிய இடைவெளிகள் உத்தியோகத்தர்க்கு மட்டுமே வாய்த்தவையாக இருந்தன. பிள்ளைகளின் வாரத்தை நாம் எவ்வளவு இறுக்கமாக அடைத்துவிட்டோம் என்பது அந்தத் தாளில் வரைந்தபோதுதான் கண்ணில் பட்டது.

நேரம் குறிப்பதில் மின்சாரத்திற்கும் பங்குண்டு. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஏ, பி, சி என்று ஊர்களைப் பகுதிகளாக்கி வெளியான மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தே திருமண வீட்டார்கூட வேலை திட்டமிட்டனர். எரிபொருள் வரிசையில் இரவு கழித்தவர்கள் சைக்கிளை மீண்டும் வெளியே எடுத்தனர். மூத்தவர்களுக்கு இது புதிதன்று. 1990 களின் முற்பாதியில், குடாநாட்டில் மின்சாரமே இல்லாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட மக்கள் இவர்கள். எமது தமையனார் மிதியைச் சுற்ற, தந்தையார் செய்தி கேட்டார். சுற்றும் கை களைத்தால் செய்தியும் களைத்தது. அறிவைப் பெறுவதற்கு முன்பு அதற்கான மின்சாரத்தைப் பெறவேண்டியிருந்த ஊரில், கூட்ட நேரம் சிறிய விடயமாக இருக்க முடியாது.

இறுதியில் நூலகர்தான் ஒரு வழி சொன்னார்: போயா தினத்தில் கூடலாமே! பூரணை நாள் நாடெங்கும் விடுமுறை, பாடசாலை இல்லை, அலுவலகம் இல்லை. இந்தத் தீவில் நாட்காட்டியும் ஓர் அரசியற் பொருளே. 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறு விடுமுறையை நீக்கிப் போயாவையே வார விடுமுறையாக வைத்திருந்த நாடு இது. அந்தப் போயா எமது சிறு கூட்டத்திற்கும் ஒருநாள் கைகொடுத்தது.

பூரணையை நம்பிக் கூடியவர்கள் எமக்கு முன்பும் இருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் ஒரு கழகம் இருந்தது. நீராவி இயந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட், ஆலையதிபர் மத்தியூ போல்ற்றன், சார்ள்ஸ் டார்வினின் பாட்டனாரான இராஸ்மஸ் டார்வின், வேதியியலறிஞர் ஜோசப் பிரீஸ்ற்லி முதலியோர் அதில் கூடினர். தெருவிளக்கு இல்லாத காலமாதலால், கூட்டம் முடிந்து நிலவொளியில் வீடு திரும்ப வசதியாகப் பூரணையை ஒட்டிய நாளையே அவர்கள் தேர்ந்தனர். அதனால் அதற்குச் சந்திரக் கழகம் என்றே பெயர் வந்தது. கைத்தொழிற் புரட்சியின் சிந்தனைகள் பல அந்த நிலவில் வளர்ந்தன. இதனை முதற் கூட்டத்தில் நாம் மகிழ்ச்சியோடு எடுத்துக் கூறினோம். அவர்கள் கூடியது சோகோ என்ற இடத்திலிருந்த போல்ற்றனின் மாளிகை போன்ற வீடுகளில் என்பதையும், அவருடைய ஆலையில் உழைத்தவர்கள் அந்த மேசையில் அமரவில்லை என்பதையும் அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. 1975 மார்ச் 5 ஆம் திகதி கலிபோர்னியாவில் ஒருவருடைய வாகனக் கொட்டிலில் முப்பது பேரளவில் கூடித் தொடங்கிய கணினிக் கழகத்தின் கதையும் இத்தகையதே. அப்பிள் கணினியை ஆக்கிய வொஸ்னியாக் அன்று அங்கிருந்தார் என்று உலகம் வியந்து பேசுகிறது. ஆனால் கொட்டில் உடையவர் இருந்தமையால் கழகம் பிறந்தது. அக்கொட்டிலுக்குள் துணிந்து நுழையக்கூடியவரே கழகத்தினர் ஆயினர்.

நாள் கிடைத்தது, இடம் இல்லை. போயாவன்று நூலகத்திற்கும் விடுமுறை. பாடசாலை மண்டபத்திற்கு அதிபரின் சம்மதமும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். பெயரில்லாத சங்கம் எந்தப் பெயரில் விண்ணப்பிப்பது? கோவில் மண்டபத்தில் எல்லாரும் எல்லாரோடும் இருக்கலாமா என்ற கேள்வியை நாமே எழுப்பி, நாமே விலக்கிவிட்டோம். தனியார் கல்வி நிலையத்தின் வாடகை எமது கைக்கு மிஞ்சியது. அப்போதுதான் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் தமது வீட்டைத் தந்தார். பழைய நாற்சார் வீடு; அகன்ற விறாந்தை; கூரையில் சூரியத் தகடு; இணைய இணைப்பு; வேப்பமரத்தின் கீழ் சைக்கிள் விட இடம். நாம் ஏற்கெனவே ஒரு வினாக்கொத்துத் தயாரித்திருந்தோம்: மின்சாரம் உண்டா? இணையம் உண்டா? இருக்கைகள் போதுமா? வாடகை எவ்வளவு? வாகனம் நிறுத்த இடமுண்டா? ஐந்து கேள்விக்கும் அந்த வீடு நல்ல விடை தந்தது. மாலை மூன்றரைக்குத் தொடங்குவதென்று அறிவித்தோம்.

முதல் இரண்டு கூட்டங்களும் சிறப்பாக நடந்தன என்றே நம்பினோம். முதலில் ஒருவர் விளக்கவுரை ஆற்றுவார், தேநீர் வரும், அதன்பின் ஐந்து மணியளவில் செய்முறை தொடங்கும். தொழில்நுட்பக் கல்லூரி மாணவி இரண்டு தடவையும் சரியாக ஐந்து மணிக்கு எழுந்து சென்றார். அக்கறை குறைவு போலும் என்று நாம் நினைத்தோம். மூன்றாம் கூட்டத்திற்குக் கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர் வரவில்லை, நான்காவதற்கும் வரவில்லை. எமது குழுவில் கணினியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் அவர் ஒருவரே. கடையில் வேலை அதிகம் போலும் என்று நாம் நினைத்தோம். வராதவரைப் பற்றி வந்தவர்கள் எவ்வளவு இலகுவாகக் காரணம் கற்பித்துவிடுகின்றோம்!

ஒரு மாலை அவருடைய வீட்டிற்குச் சென்றோம். எமது ஊருக்கும் அவருடைய குறிச்சிக்கும் இடையே ஒரு வயல் மட்டுமே. அதனைக் கடந்து அங்கே நாம் முன்பு போனதில்லை என்பது வழி கேட்டபோதுதான் தெரிந்தது. வேலை அதிகமா என்று கேட்டோம். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார்.

"பொய் சொல்ல விருப்பமில்லை, சேர். அந்த வளவுக்கை எங்கடை அப்பு கனகாலம் பின்படலையாலைதான் போய் வந்தவர். நான் முன்படலையாலை வந்தனான். ஒருத்தரும் மறிக்கேல்லை. ஆனால் தேத்தண்ணி தரேக்கை பாத்தனீங்களோ? உங்கள் எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ். எனக்கு மட்டும் கடதாசிக் கப். ரெண்டு தரமும்."

நாம் பார்க்கவில்லை. அவருக்கு அருகிலேதான் இருந்தோம், கையில் தேநீரும் இருந்தது, ஆயினும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவை எமக்கு என்றுமே ஏற்பட்டதில்லை என்பதே உண்மை. எமது ஐந்து கேள்விகளும் எமக்கு எது இல்லாமற் போகலாம் என்பதைக் கேட்டனவே ஒழிய, அந்த வீட்டிற்குள் யார் தலைநிமிர்ந்து வரமுடியும் என்பதைக் கேட்கவில்லை.

வகுப்பறையில் நாம் இந்த வரலாற்றை அறியாதவரல்லர். 1924 இல் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த மாணவர் இயக்கத்தினர் சாதிப் பாகுபாட்டை எதிர்த்ததையும், பாடசாலைகளில் சம ஆசனத்திற்கும் சம போசனத்திற்கும் நடந்த போராட்டங்களையும் நாம் மாணவர்க்குச் சொல்லியிருக்கின்றோம். பொது இடங்களில் சாதியின் பெயரால் மறிப்பது குற்றமென 1957 இல் சட்டம் வந்ததையும், அச்சட்டம் வந்த பின்பும் 1968 இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் மக்கள் போராட வேண்டியிருந்ததையும் சொல்லியிருக்கின்றோம். தேநீர்க் கடைகளில் தனிப் பேணியும் தனிப் போத்தலும் இருந்ததைக் கடந்தகாலத்தில் வைத்தே பேசிவந்தோம். அந்தப் பேணி கடதாசியாகி, சுகாதாரம் என்ற போர்வையும் போர்த்திக்கொண்டு, யூனிகோட் பற்றி நாம் உரையாற்றிய அதே விறாந்தைக்கு வந்திருந்தது.

இதன்பின் நாம் செய்த முதற் காரியம் கோழைத்தனமானது. அதையும் மறைக்கலாகாது. "போக்குவரத்து வசதி கருதி இனி இடம் மாறி மாறிக் கூடுவோம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினோம். எவர் மனமும் நோகாத செய்தி. அதைக் கண்ட அந்த இளைஞர் எம்மை அழைத்து ஒரேயொரு வார்த்தை சொன்னார்: "அப்ப அவருக்குக் கடைசி மட்டும் தெரியாமலே போகும், சேர்." மறுநாளே நாம் அந்தப் பெரியவரிடம் சென்று நேரிற் சொன்னோம். அவர் நீண்டநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்கை இருக்கிறவை பழைய ஆக்கள், தம்பி" என்றார். மறுப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கண்ணாடிக் கிளாஸில் எமக்குத் தேநீர் வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தோம். அது பெரிய வீரமன்று. அன்று எமக்குத் தொண்டையில் இறங்காது என்பதே காரணம்.

பின்னர் ஒரு சிறு துண்டுத்தாள் தயாரித்து, வருபவரிடமும் ஒருமுறை வந்து நின்றுவிட்டவரிடமும் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டியதில்லை. கேள்விகள் மூன்று: எப்படி வருகிறீர்கள்? எத்தனை மணிக்குள் வீடு சேர வேண்டும்? எந்த இடத்திற்கு உங்களால் வரமுடியாது? காரணம் எழுதுவது அவரவர் விருப்பம்.

வந்த விடைகள் எமக்குப் பாடமாயின. ஐந்தேகாலுக்குள் பேருந்து பிடிக்காவிட்டால் மறுமுறை வீட்டில் விடமாட்டார்கள் என்று ஒரு தாள் சொன்னது. ஐந்து மணிக்கு எழுந்துசென்றவர் கற்க வந்தது செய்முறையைத்தான். அதனை அவர் ஒருமுறையும் காணவில்லை! அனலைதீவிலிருந்து வருபவர் ஒருவர், கடைசிப் படகைத் தவறவிட்டால் ஊர்காவற்றுறையில் இரவு தங்கவேண்டும் என எழுதியிருந்தார். மாடியில் வைத்தால் வரமுடியாது, செயற்கைக் கால் என்றது ஒரு தாள். போரினால் அங்கங்களை இழந்தோர் இத்தனை பேர் வாழும் மண்ணில், மாடிப்படியை நாம் ஒரு கேள்வியாகவே கருதவில்லை. வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கும் ஒருவர், "போயா உங்களுக்கு லீவு; எனக்கு இல்லை" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். பேர்மிங்காம் நிலவைப் பற்றி நாம் ஆற்றிய உரைக்கு இதைவிடச் சிறந்த திறனாய்வு கிடைத்திருக்க முடியாது.

இப்போதைய ஒழுங்கு பின்வருமாறு. ஒரு மாதம் போயா தினம். மறுமாதம் ஞாயிறு பிற்பகல். தொடக்கம் இரண்டு மணி, முடிவு நாலரை. செய்முறை முதலில், உரை கடைசியில். உரையைத் தவறவிடுபவர் பெரிதாக எதையும் இழப்பதில்லை என்பதை உரையாற்றுபவராகிய நாமே ஒப்புக்கொள்கின்றோம். இடம் நிலத்தளத்தில் இருத்தல் வேண்டும். தனியார் வீடுகளில் கூடுவதில்லை. ஊர்களின் சனசமூக நிலையங்களில் மாறி மாறிக் கூடுகின்றோம். அவற்றை நடத்துபவர் ஊர் இளைஞர்களாதலால் விடுமுறை நாளிலும் திறப்புக் கிடைக்கும். ஆனால் எமது சனசமூக நிலையங்கள் பெரும்பாலும் குறிச்சிக்கு ஒன்றாக அமைந்தவை. ஒரு குறிச்சியார் மற்றக் குறிச்சியின் நிலையத்தில் காலடி வைப்பது அரிது. அந்த அருமையை உடைப்பதும் இப்போது எமது நோக்கங்களுள் ஒன்று. மின்சாரம் நின்றால் முன்பே மின்னேற்றிய மடிக்கணினிகள் இரண்டு மணிநேரம் தாங்கும். தேநீருக்கு ஒரே வகையான இருபது கோப்பைகளை எல்லாரும் பங்கிட்டு வாங்கியுள்ளோம். முதலில் வருபவர் தேநீர் வைப்பது, கடைசியாகப் போகிறவர் கோப்பை கழுவுவது. கடைசியாகப் போகிறவர் பெரும்பாலும் நாமே.

இதனால் எல்லாம் சீராயிற்று என்று எவரும் எண்ணவேண்டாம். புதிய இடங்களுக்கு வராமலே நின்றுவிட்டவர் மூவர். அவர்கள் காரணம் சொல்லவில்லை. நாமும் இம்முறை கற்பிக்கவில்லை. தீவுப்பகுதியில் கூடவேண்டும் என்ற தீர்மானம் இன்னும் தீர்மானமாகவே இருக்கின்றது. ஆயினும் ஐந்து மணிக்கு எழுந்துசென்ற மாணவி இப்போது லினக்ஸ் நிறுவப் பிறருக்குக் கற்பிக்கின்றார். நாட்கூலித் தோழர் தமது மகளோடு ஞாயிறுகளில் வருகின்றார். மகள் ரெங்கநாதன் விசைப்பலகையில் எம்மைவிட விரைவாகத் தட்டுகின்றாள்.

கடந்த போயாக் கூட்டம் வயலுக்கு அப்பாலுள்ள குறிச்சியின் சனசமூக நிலையத்தில் நடந்தது. கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர் பழைய கணினியொன்றைக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பாகப் பலகையில் பரப்பிவைத்து விளக்கினார். அந்தப் பெரியவரும் வந்திருந்தார். அவர் வருவார் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் அமர்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கவனமாகக் கேட்டார். இரண்டு கேள்விகளும் கேட்டார். கோப்பைகளின் சத்தம் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, எழுந்து, விடைபெற்றுக்கொண்டார். அவருக்கென வைத்த கோப்பை பலகையில் ஆறிக்கிடந்தது. அதை நாம்தான் கழுவிக் கவிழ்த்து வைத்தோம்.

அடுத்த கூட்டமும் அங்கேதான், இரண்டு மணிக்கு. அவருக்கும் அறிவித்திருக்கின்றோம்.